மூன்றாவது ஜன்னலின் ஈரம்

மே மாதம். மழை வர இன்னும் மூன்று வாரமாவது ஆகும். பம்பாயில் வேர்வையைத் தவிர வேறு ஈரம் கண்ணில் படாத நாட்கள். அப்படி ஒரு நாளில், பிற்பகல் மூன்றரை மணிக்கு, ஒரு முனிசிபல் ஆஸ்பத்திரியின் பின்புறச் சுவர் நனைந்திருப்பதைப் பார்த்தேன்.

மாடியில் வரிசையாக ஏழு ஜன்னல்கள். மூன்றாவது ஜன்னலுக்குக் கீழே மட்டும் சுண்ணாம்பு கறுத்து, நாக்கைப் போல நீண்டு, தரைவரை வந்திருந்தது. அடியில் கையகலத்துக்குச் சேறு. ஒரு காகம் அதைக் கிளறிக்கொண்டிருந்தது. மற்ற ஆறு ஜன்னல்களுக்குக் கீழே சுவர் அப்பளமாகக் காய்ந்திருந்தது.

குழாய் ஒழுகுகிறதோ என்று பார்த்தேன். அந்தப் பக்கம் குழாயே இல்லை.

மூன்றாவது ஜன்னலை ஒட்டிய கட்டிலில் படுத்திருப்பவளை எனக்குத் தெரியும். பெயர் பேச்சியம்மாள். இருபது, இருபத்தொரு வயது. தாராவியில் தோல் பதனிடும் கிடங்கில் வேலை பார்த்த சுடலைமுத்துவின் மனைவி. பிள்ளை பெற்றுப் பதின்மூன்று நாள் ஆகியிருந்தது. வலது கையும் காலும் விழுந்துவிட்டன. பேச்சு போய்விட்டது. மூளையில் ரத்தம் உறைந்திருக்கிறது என்று டாக்டர் சொல்லியிருந்தார். பகலில் மணிக்கு ஒரு டம்ளர் தண்ணீர் அவளுக்குள் போயாக வேண்டும் என்பது உத்தரவு.

அந்தத் தண்ணீர்தான் சுவரில் வழிந்திருந்தது. பார்த்தவுடன் புரிந்தது என்று எழுதினால் பொய். படியேறி முடிக்கும்போதுதான் புரிந்தது.

மாடிப்படியில் பிடிபட்டேன்

இந்தத் தொடரை முதலிலிருந்து படிப்பவர்களுக்குத் தெரிந்ததுதான். அறுபதுகளில் நான் கோட்டைப் பகுதியில் ஓர் ஆங்கிலப் பத்திரிகையில் புரூஃப் திருத்திக்கொண்டிருந்தேன். இருபத்தாறு வயது. கல்யாணம் ஆகவில்லை. மாட்டுங்காவில் அம்மாவோடு இருந்தேன். புதன்கிழமை விடுமுறை.

எங்கள் கட்டடத்தின் மூன்றாம் மாடியில் டாக்டர் நளினி குடியிருந்தார். மராத்திக்காரர். நாற்பதை நெருங்கியவர். படிகளை இரண்டிரண்டாக ஏறுவார், இறங்கும்போதும் அப்படியே. ஒரு நாள் பாதிப் படியில் என்னை நிறுத்திக் கேட்டார்.

"உனக்குத் தாராவித் தமிழ் புரியுமா?"

"தமிழ்தானே" என்றேன்.

அது திமிர். முதல் புதன்கிழமை தாராவிக்குள் அவரோடு போனபோது, அங்கே பெண்கள் பேசியதில் பாதி எனக்குப் புரியவில்லை. நான் பேசியது அவர்களுக்குச் சிரிப்பாக இருந்தது. "மாட்டுங்கா அம்மா வந்திருக்காவ" என்று வாசலுக்கு வாசல் செய்தி போனது.

டாக்டர் ஓர் ஆராய்ச்சி செய்துகொண்டிருந்தார். நல்லபடியாகப் பிரசவமான பெண்கள் சிலர் ஒரு வாரத்திலோ பத்து நாளிலோ தலைவலி என்பார்கள். பிறகு வாந்தி. பிறகு வலிப்பு. ஒரு பக்கம் விழுந்துவிடும். வீட்டார் அதை ஜன்னி என்பார்கள், அல்லது பேய் என்பார்கள். ஆஸ்பத்திரிக்கு வந்து சேர்கிறவர்கள் கொஞ்சம் பேர். அவர்களில் பிழைத்தவர்கள் வீட்டிலும் இறந்தவர்கள் வீட்டிலும் போய்ப் பிரசவம் முதல் நோய் வரை நடந்ததைக் கேட்டு எழுத வேண்டும். இதற்கென்று துணி அட்டை போட்ட ஒரு நீளமான காலிகோ நோட்டு. கட்டங்கள் போட்டது. வார்டு எண், வயது, எத்தனையாவது நாள், காய்ச்சல் உண்டா, எவ்வளவு தண்ணீர் குடித்தாள்.

கேட்பது டாக்டர். மொழிபெயர்ப்பதும் எழுதுவதும் நான்.

வடிகால்

பத்திரிகையில் வேலை செய்பவளுக்கு ஒரு விஷயம் புரியவில்லை என்றால் கை அரிக்கும். மூளையில் ரத்தம் உறைவதற்கும் பிள்ளைப்பேற்றுக்கும் என்ன சம்பந்தம் என்று கேட்டேன். தாதர் ஸ்டேஷனில் வண்டிக்குக் காத்திருக்கும்போது டாக்டர் சொன்னார்.

"மழைக்காலத்தில் கிங்ஸ் சர்க்கிளில் இடுப்பளவு தண்ணீர் நிற்கிறதே, ஏன்?"

"சாக்கடை அடைத்துக்கொள்கிறது."

"அதேதான். பக்கவாதம் என்றால் எல்லாரும் மூளைக்கு ரத்தம் வரும் குழாய் அடைத்தது என்றுதான் நினைக்கிறார்கள். இந்தப் பெண்களுக்கு வருகிற குழாயில் குற்றம் இல்லை. திரும்பிப் போகிற குழாய்தான் அடைத்துக்கொள்கிறது. உச்சந்தலைக்கு அடியில் முன்னாலிருந்து பின்னால் ஓடும் ஒரு பெரிய சிரை. அங்கே ரத்தம் கட்டிக்கொள்ளும். வெளியேற வழி இல்லாமல் மூளை வீங்கும், சில சமயம் கசியும்."

இறந்த சில பெண்களின் தலையைத் திறந்து அந்தக் கட்டியை அவர் கண்ணால் பார்த்திருந்தார். கறுப்பாக, கயிறு மாதிரி இருந்தது என்றார். பிரசவத்துக்குப் பிறகு எல்லாப் பெண்களுக்குமே ரத்தம் எளிதில் உறையும். ரத்தப்போக்கு நிற்க உடம்பு செய்துகொள்ளும் ஏற்பாடு அது. அதோடு உடம்பில் நீரும் வற்றினால்? அதுதான் அவருடைய கேள்வி.

உறைவைத் தடுக்கும் ஊசிமருந்து அப்போதே இருந்தது. டாக்டர் அதைக் கொடுத்துப் பார்க்க விரும்பினார். அவருக்கு மேலே இருந்த பெரிய டாக்டர் சம்மதிக்கவில்லை. முதுகுத்தண்டு நீரில் சிவப்புத் தெரிகிறது, மூளையில் கசிவு இருக்கிறது, இதில் போய் ரத்தத்தை இளக்குவதா என்றார். அவர் கெட்டவர் இல்லை. அன்றைக்குப் பயப்படக் காரணம் இருந்தது. இன்று கசிவு இருந்தாலும் அந்த மருந்தைக் கொடுக்கிறார்கள். அன்று பம்பாயில் அதற்குத் துணிந்தவர்கள் குறைவு.

ஆக, டாக்டர் நளினியின் கையில் மிஞ்சியது தண்ணீர். அதிலும் பெரிய டாக்டர் ஒரு முட்டுக்கட்டை போட்டார்.

"உன் நோட்டையே பார். எல்லாரும் குடித்திருக்கிறார்கள்."

உண்மை. தண்ணீர் என்ற கட்டத்தில் மேலிருந்து கீழ்வரை ஒரே பதில். போதுமான அளவு. போதுமான அளவு. போதுமான அளவு. எல்லாம் என் கையெழுத்து.

வெள்ளிப் பாலாடை

இந்த இடத்தில் எங்கள் வீட்டுக் கதை ஒன்றைச் சொல்ல வேண்டியிருக்கிறது.

அதற்கு இரண்டு வருஷம் முன்னால் என் அக்கா ஜயா மாட்டுங்காவில் பிரசவித்தாள். ஐந்து நாள் அவளுக்குத் தண்ணீர் கிடையாது. தொண்டை நனைய, பிள்ளைக்குப் பால் புகட்டும் ஒரு வெள்ளிப் பாலாடையில் அளந்து, சுக்கு தட்டிப் போட்ட வெந்நீர், காலையில் ஒன்று, மாலையில் ஒன்று. அவள் என்னைச் சாடை காட்டி அழைத்து, "ஒரு வாய் கொண்டுவாடி" என்று கெஞ்சினாள். நான் சமையலறைக்குப் போனேன். அம்மா பார்த்துவிட்டாள்.

"யாருக்குடி ஜலம்?"

"எனக்குத்தான்."

"இங்கேயே குடி, பார்க்கறேன்."

அங்கேயே நின்று குடித்தேன். ஒரு செம்பு. அம்மா செம்பைக் கழுவிக் கவிழ்த்துவிட்டுச் சொன்னாள்: "பச்சை ஒடம்பு. நாலு நாள் வாயைக் கட்டினா நாற்பது வருஷம் வயிறு கட்டும். உன் பேப்பர் படிப்பெல்லாம் இங்கே வேண்டாம்."

ஜயாவுக்கு ஒன்றும் ஆகவில்லை. அதனால் நாங்கள் அதை மறந்துபோனோம். தாராவிச் சந்துகளில் உட்கார்ந்து, "தண்ணி வேணுங்கிற அளவு குடுத்தீங்களா?" என்று வீடு வீடாகக் கேட்டபோதுகூட எனக்கு அந்தப் பாலாடை நினைவுக்கு வரவில்லை. "அதெல்லாம் நல்லாக் குடுத்தோம்மா" என்றார்கள். எழுதிக்கொண்டேன். புரூஃப் அறையில் எனக்குக் கற்றுத்தந்தது அதுதான்: மூலப்பிரதியில் இருப்பது அச்சில் இருக்கிறதா என்று பார். மூலப்பிரதி உண்மையா என்பது உன் வேலை இல்லை.

ஆஸ்பத்திரியிலிருந்து வந்த டாக்டரம்மாவிடம், நாங்கள் தாகத்தில் வாடவிட்டோம் என்று யார் சொல்வார்கள்? நாங்களும் சொல்லியிருக்க மாட்டோம்.

சிலேட்டுக் கோடுகள்

பேச்சியம்மாளைப் பிரசவமான எட்டாம் நாள் கொண்டுவந்தார்கள். முதல் இரண்டு நாள் கை நரம்பு வழியாக உப்புநீர் ஏற்றினார்கள். வலிப்பு வந்து ஊசி பிடுங்கிக்கொண்டது. மறுபடி குத்த நரம்பு கிடைக்கவில்லை, கை வீங்கிவிட்டது. அவளால் விழுங்க முடிந்தது. ஆகவே வாய் வழியாகவே தண்ணீர் என்று முடிவானது. வார்டில் நாற்பது கட்டில், பகலில் இரண்டு நர்ஸ். தண்ணீர் கொடுப்பது கூட இருப்பவர் பொறுப்பு.

கூட இருந்தவள் இசக்கி. சுடலைமுத்துவின் அக்கா. முப்பது வயதுக்குள்தான் இருக்கும், பார்த்தால் அதிகமாகத் தெரியும். உயரம், எலும்பு முட்டிய தோள், ஒரு நிமிஷம் சும்மா இருக்காத கைகள். அவளுக்கு எழுதப் படிக்கத் தெரியாது. டாக்டர் ஒரு சிலேட்டும் குச்சியும் வாங்கிக் கட்டில் கம்பியில் தொங்கவிட்டார். ஒரு டம்ளருக்கு ஒரு கோடு.

வேலை முடிந்த மாலைகளில் நானும் வார்டுக்குப் போவேன். அங்கே நானும் டாக்டரும் இந்தியில்தான் பேசிக்கொள்வோம், நர்ஸும் ஆயாவும் கேட்டு நடக்கட்டும் என்று. இசக்கிக்கு நான் தமிழில் சொல்வேன். ஆனால் முதல் நாளே ஒன்றைக் கவனித்தேன், கவனித்து மறந்தேன். ஆஸ்பத்திரி வாசலில் சாத்துக்குடி விற்றவனை அவள் இந்தியில் உரித்துத் தொங்கவிட்டுக்கொண்டிருந்தாள்.

அவள் பேச்சியை விட்டு நகரவில்லை. இரண்டு மணிக்கொரு தரம் புரட்டிப் படுக்கவைத்தாள், விழுந்த கையை எண்ணெய் போட்டு நீவினாள். பிள்ளை தாராவியில் பக்கத்து வீட்டு மரியம்பீவியிடம் பால் குடித்துக்கொண்டிருந்தது. சுடலைமுத்து மாலையில் வந்து, தோல் வாடை வீசுகிறது என்று தானே வெட்கப்பட்டு, வராந்தாவிலேயே நிற்பான்.

"உள்ள வாலே, அவ ஒன்னத்தான் தேடுதா" என்பாள் இசக்கி.

"பேச வராதே அவளுக்கு. தேடுதான்னு ஒனக்கு எப்படித் தெரியும்?"

"எனக்குத் தெரியும்லே."

நான் சொல்லும் அந்தப் புதன்கிழமை காலை பேச்சிக்கு மறுபடியும் வலிப்பு வந்தது. பெரிய டாக்டர் பார்வையிட வந்தார். பேச்சியின் நாக்கு வறண்டு வெடித்திருந்தது. சிலேட்டைப் பார்த்தார். முந்தின நாள் கோடுகள் வரிசையாக, பள்ளிக்கூடத்துப் பிள்ளை போட்டமாதிரி நேராக இருந்தன.

"இவ்வளவு தண்ணீர் போயும் இந்த நிலைமை என்றால், தண்ணீர் இதற்கு மருந்தில்லை. மூளை வீங்கியிருக்கிறது. நீ மேலும் வீங்க வைக்கிறாய். நாளைக் காலையிலிருந்து பாதியாகக் குறை."

அவர் போன பிறகு டாக்டர் நளினி சிறுநீர் அளந்த தாளை என்னிடம் காட்டினார். அளவு மிகக் குறைவு. நிறம் கறுத்த தேநீர்.

"போகிற தண்ணீர் எங்கே போகிறது?" என்றார். என்னைக் கேட்கவில்லை.

என்னால் உட்கார முடியவில்லை. வெளியே போனேன், டீ வாங்கினேன், குடிக்காமல் வைத்தேன். வாசலுக்கும் வராந்தாவுக்குமாக நடந்தேன். பிறகு கட்டடத்தைச் சுற்றி நடந்தேன். மூன்றாவது சுற்றிலோ நான்காவதிலோதான் அந்தச் சுவர் கண்ணில் பட்டது.

துடைத்த கை

நான் வார்டுக்குள் நுழைந்தபோது இசக்கி ஒரு கோடு போட்டு முடித்திருந்தாள். டம்ளர் காலி. பேச்சியின் உதட்டில் நனைத்த துணியால் ஒற்றிய பளபளப்பு மட்டும்.

"இப்பக் குடிச்சாளா?"

"குடிச்சா, குடிச்சா."

"முழுசா?"

"பொறவு? கோடு போட்டிருக்கம்லா."

ஜன்னல் கட்டையில் உள்ளங்கையை வைத்தேன். எடுத்து அவளிடம் காட்டினேன். நீர் மணிக்கட்டு வரை வழிந்தது.

அவள் மறுக்கவில்லை. தன் முந்தானையை எடுத்து என் கையைத் துடைத்துவிட்டாள். விரல் இடுக்கு விடாமல், பிள்ளைக்குத் துடைப்பதுபோல.

"எம்மா, நீ கல்யாணம் ஆவாத பிள்ள. ஒனக்குச் சொன்னா வெளங்காது. இது பச்ச ஒடம்பு. உள்ள இன்னும் புண்ணு ஆறல. இப்பத் தண்ணியக் கொட்டுனா வகுறு ஊதிரும். சீதம் தலைக்கு ஏறிரும். பொறவு ஆரு பாப்பா? நீ பாப்பியா, டாக்டரம்மா பாப்பாவளா?"

"அப்ப இந்தக் கோடு?"

"கோடு போடச் சொன்னாவ, போட்டேன். கோட்டப் பாத்தா அவிய மொகம் தெளியுது. பாவம், அவியளும் பொம்பளதான."

"இந்தக் கோட்டைப் பார்த்துத்தான் பெரிய டாக்டர் நாளைலேர்ந்து தண்ணியப் பாதியாக் குறைக்கச் சொல்லிட்டார்."

இசக்கியின் முகம் மலர்ந்தது. "பாத்தியா? பெரிய டாக்டருக்குத் தெரியுதுல்லா."

பானையிலிருந்து டம்ளரை நிறைத்தேன். இசக்கி என் கையைப் பிடித்தாள். கெட்டியான பிடி. ஆனால் அதற்குள் இன்னொரு கை என் மணிக்கட்டைப் பற்றிவிட்டது. பேச்சியின் இடது கை.

பித்தளை விளிம்பில் பல் மோதும் சத்தம் கேட்டது. பாதி கழுத்தில் வழிந்தது, பாதி உள்ளே போனது. தீர்ந்ததும் டம்ளரை விடவில்லை. விளிம்பை நக்கினாள். பிறகு பானையைப் பார்த்தாள்.

"ஏளா, போதும்" என்றாள் இசக்கி. குரலில் பலம் இல்லை. "ஏளா பேச்சி."

இரண்டாவது டம்ளர். மூன்றாவது டம்ளரில் பேச்சி நிறுத்தி மூச்சு வாங்கினாள்.

"அஞ்சு நாளாக் கூட இருக்கேன். எங்கிட்டக் கேக்கவே இல்லையே இவ" என்றாள் இசக்கி.

"கேட்டா. கைய நீட்டி நீட்டிக் கேட்டா. நானும் பார்த்தேன். நீங்க துணிய நனைச்சு ஒத்தினீங்க. நான் சும்மா இருந்தேன்."

இசக்கி சிலேட்டைத் திருப்பிச் சுவர்ப்பக்கமாக வைத்தாள்.

ஏற்றமும் வற்றமும்

டாக்டர் நளினியிடம் சொன்னேன். அவர் இசக்கியைத் திட்டுவார் என்று நினைத்தேன். சிலேட்டை எடுத்துத் தன் கைக்குட்டையால் துடைத்தார், ஒவ்வொரு கோடாக. பிறகு பெரிய டாக்டரின் அறைக்கு என்னையும் அழைத்துப் போனார். நான் பார்த்ததை மட்டும் சொன்னேன்.

பெரிய டாக்டர் கேட்டுவிட்டுக் கண்ணாடியைக் கழற்றினார். "அப்படியானால் நாம் இதுவரை எதையுமே சோதிக்கவில்லை. இரண்டு நாள். முழு அளவு. அதற்குள் வீக்கம் கூடினால் நிறுத்திவிடுவேன்."

அந்த இரண்டு நாளும் ஆபீஸில் என் கண் எழுத்தில் நிற்கவில்லை. தண்ணீரால் அவள் மூளை வீங்கினால்? இசக்கி தடுத்தும் ஊற்றியவள் நான். எங்கள் பத்திரிகையில் தினமும் துறைமுகத்துக் கடல் ஏற்றவற்ற நேரம் வரும். கடல் பொங்கும் நேரத்தையும் வடியும் நேரத்தையும் மாற்றி அச்சுக்கு விட்டேன். தலைமைப் புரூஃப் ரீடர் அதைச் சிவப்பு மையில் வட்டமிட்டு என் மேஜையில் வைத்தார். மாலையில் இரண்டு ஸ்டேஷன் தள்ளி இறங்கித் திரும்பி வந்தேன்.

வெள்ளிக்கிழமை வேலை முடிந்து ஆஸ்பத்திரிக்குப் போனேன். முதலில் பின்பக்கம் போய்ச் சுவரைப் பார்த்தேன். ஏழு ஜன்னலுக்குக் கீழும் ஒரே நிறம்.

பின்னால் நடந்ததை இங்கேயே சொல்லிவிடுகிறேன். பேச்சியம்மாள் பிழைத்தாள். பேச்சு மெதுவாகத் திரும்பியது. காலை லேசாக இழுத்து நடந்தாள். வலது கையால் எல்லாம் செய்தாள், ஊசியில் நூல் கோக்க மட்டும் வரவில்லை. தண்ணீர்தான் அவளைப் பிழைக்க வைத்ததா? ஒருத்தி பிழைத்ததை வைத்து எதையும் எழுதாதே என்று டாக்டர் என்னிடம் கண்டிப்பாகச் சொன்னார். நன்றாகத் தண்ணீர் குடித்த பெண்களுக்கும் அந்த நோய் வந்திருக்கிறது. அதை அவர் மறைத்ததில்லை.

ஆனால் நோட்டு திருந்தியது. மழைக்கு முன்பும் மழையிலுமாகப் பழைய வீடுகளுக்கு மறுபடி போனோம். இம்முறை எங்களுக்கு முன்னால் இசக்கி நடந்தாள். "தண்ணி குடுத்தியளா" என்று அவள் எந்த வாசலிலும் கேட்கவில்லை. "எத்தன நா குடுக்காம இருந்திய?" என்றுதான் கேட்டாள். மூன்று நாள், ஐந்து நாள், பதினொரு நாள் என்று பதில் வந்தது. என் "போதுமான அளவு"களை ஒவ்வொன்றாக அடித்து ஓரத்தில் திருத்தம் எழுதினேன். மாட்டுங்காவிலும் கேட்கலாம் என்று நான்தான் சொன்னேன். அம்மா ஒரு வாரம் என்னோடு பேசவில்லை. பிற்காலத்தில் செம்பூர் திலக் நகருக்குக் குடிபோனோம். அக்காள் பெண் அங்கே பிள்ளை பெற்றபோது அவள் தலைமாட்டில் முதலில் போய் உட்கார்ந்தது ஒரு கூஜா தண்ணீர். வைத்தது அம்மா.

இசக்கி எப்படி எங்கள் முன்னால் நடக்க வந்தாள் என்பதுதான் சொல்ல மிச்சம்.

ஒரு வரி

அந்த வெள்ளிக்கிழமை நான் வார்டுக்குள் போனபோது டாக்டர் நளினி பேச்சியின் கண்ணுக்குள் விளக்கடித்துப் பார்த்துக்கொண்டிருந்தார். நிமிர்ந்து, "வீக்கம் கூடவில்லை" என்றார். அவர் அதைச் சொன்ன வேகத்தில், இரண்டு நாள் அவரும் உட்காரவில்லை என்று தெரிந்தது.

பேச்சி இடது கையை நீட்டினாள்.

"தா" என்றாள்.

பேச்சு போன பிறகு அவள் சொன்ன முதல் சொல். இசக்கி டம்ளரை நிறைத்துக் கொடுத்தாள். பேச்சி குடித்து முடிக்கும்வரை பார்த்திருந்தாள். சிலேட்டில் ஒரு கோடு போட்டாள். பிறகு என் பக்கம் திரும்பினாள்.

"டாக்டரம்மாட்ட ஒண்ணு கேளு."

"என்ன?"

"எந் தங்கச்சி சம்முவக்கனி. எனக்கு எளையவ. இங்கனதான், தாராவில, நாலஞ்சு வருசம் முந்தி. பிள்ள பெத்து ஒம்பதாம் நா தலைய வலிக்குன்னா. பொறவு கையும் காலும் வெட்டி இழுத்துச்சு. பேயின்னாவ. பேயோட்டக் கோடாங்கியக் கூட்டியாந்தோம். மறுநா போயிட்டா. அவளுக்கும் நாந்தான் கூட இருந்தேன். தண்ணி தண்ணின்னு கேட்டா. அவளுக்கு வாய் இருந்திச்சு, கேட்டா. நாந்தான் குடுக்கல. இதுவும் அதுதானான்னு கேளு."

டாக்டர் என்னைப் பார்த்தார். "என்ன சொல்கிறாள்?" என்று இந்தியில் கேட்டார்.

இசக்கியின் கை கட்டில் கம்பியைப் பிடித்திருந்தது. விரல் முட்டிகள் வெளுத்திருந்தன.

"இனிமேல் எத்தனை டம்ளர் கொடுக்கலாம் என்று கேட்கிறாள்" என்றேன் இந்தியில்.

டாக்டர் சிரித்தார். அவர் சிரித்து நான் பார்த்தது குறைவு. "அவள் கேட்கிற வரைக்கும்."

நான் இசக்கியிடம் திரும்பினேன். "அது வேற நோவாம். இதுக்கும் அதுக்கும் சம்பந்தமே இல்லையாம்."

டாக்டர் அடுத்த கட்டிலுக்குப் போனார். இசக்கி என்னைப் பார்த்துக்கொண்டே இருந்தாள்.

"எம்மா, எனக்கு இந்தி தெரியும்."

சாத்துக்குடிக்காரன் அப்போதுதான் எனக்கு நினைவுக்கு வந்தான்.

"பத்து வருசமா இந்த ஊர்க் குழாயடியில சண்ட போடுதேன். இந்தி தெரியாமயா? ஆசுபத்திரியில தெரியும்னா ஆளாளுக்கு வேலை ஏவுவாவன்னு சும்மா இருந்தேன்." அவள் குரல் உயரவில்லை. "நீ நல்லதுக்குத்தான் சொன்ன. ஆனா எங்கிட்டயே கோடு போடுதியே."

சிலேட்டில் அவள் போட்ட கோட்டைப் பார்த்தேன்.

"அந்த நோட்ட எடு."

எடுத்தேன்.

"எழுது."

புதிய வரி. வார்டு எண் கட்டத்தைக் காலியாக விட்டேன். பெயர் என்று அந்த நோட்டில் கட்டமே கிடையாது. அந்த இடத்தில், நெருக்கி, சண்முகக்கனி என்று எழுதினேன். வயது கேட்டேன். விரல் மடக்கிப் பார்த்து, "பத்தொம்பது இருக்கும்" என்றாள். ஒன்பதாம் நாள். காய்ச்சல் இல்லை. தண்ணீர்.

எழுதி முடித்ததும், "வாசி" என்றாள்.

"தண்ணீர் கொடுக்கப்படவில்லை" என்று வாசித்தேன்.

"ஆரு குடுக்கலன்னு போட்டியா?"

"இதுல அதுக்குக் கட்டம் இல்ல."

அவள் நோட்டை வாங்கி அந்த வரியைப் பார்த்தாள். படிக்கத் தெரியாதவள். மை காய்ந்துவிட்டதா என்று விரலால் தொட்டுப் பார்த்துவிட்டு என்னிடம் கொடுத்தாள்.

"தா" என்றாள் பேச்சி, கட்டிலிலிருந்து.

"இந்தா வாறேன்" என்று எழுந்து பானையைத் திறந்தாள் இசக்கி.